விளிம்பில் நுழையும் ஒளி



சென்ற மாதம் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒரு சகோதரியின் கடிதம் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. புதிதாகக் கட்டிய வீட்டின் கூடத்தில், கடைகளில் 'பேனல் லைட்' என்று விற்கப்படும் தட்டையான சதுர விளக்குகளைப் பொருத்தியிருக்கிறார்களாம். "ஒரு விரல் கனம்கூட இல்லாத அந்த விளக்குக்குள் பல்பு எங்கே ஒளிந்திருக்கிறது? ஓரத்தில் இருக்கிறது என்கிறார் மின்பணி செய்தவர். ஓரத்தில் இருக்கும் பல்பு நடுவில் எப்படி வெளிச்சம் தரும்? வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, அதற்குள் ஒரு பக்கம் மங்கிவிட்டதே, ஏன்?" என்று கேட்டிருக்கிறார். அத்துடன், பிள்ளைகள் படிப்பதற்கு வெள்ளை வெளிச்சம் நல்லதா, மஞ்சள் வெளிச்சம் நல்லதா என்றும் ஒரு வினா.

முதல் வினாவுக்கு நூலைப் புரட்டி நான்கு வரியில் விடை எழுதிவிடலாம். ஆனால் இதே விளக்கு எங்கள் மஹல்லாவில் ஓர் இளைஞனின் நற்பெயரையே மங்கச் செய்ததை நான் கண்ணாரக் கண்டவன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2021 ஆம் ஆண்டில் எங்கள் பள்ளிவாசலின் உட்பள்ளியைப் புதுப்பித்தபோது, வெளிநாட்டில் பணிபுரியும் அன்பர் ஒருவர் அனுப்பிய தொகையில் பன்னிரண்டு பேனல் விளக்குகள் வாங்கப்பட்டன. எட்டு விளக்குகள் மேற்கூரையில். நான்கு விளக்குகள் பக்கச் சுவர்களில் நிமிர்த்திய நிலையில். வாங்கி வந்து மாட்டியவர் எங்கள் தெருப் பிள்ளை. தந்தையை இழந்தவர், மின்பணி செய்து தாயையும் இரு தங்கையரையும் காப்பாற்றி வருபவர். 2024 ஆம் ஆண்டு ரமளானுக்குச் சில நாட்களே இருந்தபோது, சுவர் விளக்குகள் நான்கின் மேற்பகுதியும் மங்கிப் போயின. கீழோரத்தில் ஆங்காங்கே கறுப்புத் திட்டுகள். "வக்ஃபுப் பணத்தில் மட்டச் சரக்கை வாங்கி மாட்டிவிட்டு மிச்சத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்" என்ற பேச்சு ஹவுளருகே தொடங்கி இரண்டே நாளில் தெருமுனைத் தேநீர்க் கடை வரை பரவிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் கற்பித்தவன் என்பதால் முத்தவல்லி ஹாஜியார் என்னை அழைத்தார். "வாத்தியார் பாய், நீங்களே ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். பழி சொல்வதென்றாலும் தெரிந்து சொல்வோம்" என்றார். அந்த இளைஞர் ரசீதுகளைக் கையில் வைத்துக்கொண்டு தூணோரம் நின்றார். "மாமா, கொடுத்த காசுக்கு உரிய சரக்குதான். ஏன் இப்படி ஆயிற்றென்று எனக்கே விளங்கவில்லை" என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல இயலவில்லை.

உள்ளே என்ன கண்டேன் என்பதைச் சொல்லுமுன், நீங்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்க வேண்டும். பிள்ளைகளின் ஜியாமெட்ரி பெட்டியில் நிறமற்ற பிளாஸ்டிக் அளவுகோல் இருக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியின் டார்ச் ஒளியை அந்த அளவுகோலின் ஒரு முனையில், குறுகிய விளிம்போடு ஒட்ட வைத்துப் பிடியுங்கள். அளவுகோலின் அகன்ற முகம் பெரும்பாலும் இருண்டே இருக்கும். மறுமுனை பளிச்சென்று ஒளிரும். வியப்பு அதுவன்று, சென்டிமீட்டர் கோடுகளும் எண்களும், அவை செதுக்கப்பட்டவையாக இருந்தால், நட்சத்திரங்கள் போல் மின்னும். இப்போது டார்ச்சை விளிம்பிலிருந்து ஒரு நெல்மணி அகலம் விலக்குங்கள். கோடுகள் சட்டென்று மங்கும். இரு நெல்மணி அகலம் விலக்குங்கள், இன்னும் மங்கும். சகோதரியின் வினாக்களுக்குரிய விடை முழுவதும் இந்த அளவுகோலில் அடங்கியிருக்கிறது.

ஒளி கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ செல்லும்போது காற்றில் செல்வதைவிட மெதுவாகச் செல்கிறது. அதனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்கும் எல்லையில் அது வளைகிறது. இவ்வளைவுக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை ஹாலந்து அறிஞர் ஸ்னெல் 1621 இல் கண்டதாகப் பாடநூல்கள் கூறும். நானும் அப்படித்தான் கற்பித்தேன். ஆனால் பக்தாதில் வாழ்ந்த இப்னு சஹ்ல் என்னும் அறிஞர் 984 ஆம் ஆண்டையொட்டி எழுதிய ஏடொன்றில், வில்லைகளை வடிவமைக்க இதே கணக்கைப் படம் வரைந்து கையாண்டிருக்கிறார். டமாஸ்கஸிலும் தெஹ்ரானிலும் பிரிந்து கிடந்த அவ்வேட்டின் பகுதிகளை ஒன்றுசேர்த்து, ருஷ்தி ராஷித் என்ற ஆய்வாளர் 1990 இல் இதை உலகறியச் செய்தார். பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதமின் பெயரை நம்மில் பலர் அறிவோம். அவருக்கு ஒரு தலைமுறை முந்தியவரான இப்னு சஹ்லை அறிந்தோர் குறைவு. நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டிய பெயர் என்பதால் இங்கே குறிப்பிட்டேன்.

அந்தக் கணக்கிலிருந்து கிடைக்கும் ஒரு விளைவுதான் நமக்கு வேண்டியது. தட்டை விளக்குகளில் பயன்படும் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் 1.49. இதற்குள் செல்லும் ஒளிக்கதிர், தட்டின் முகத்தை 42 பாகைக்கு மேல் சாய்வாகச் சந்தித்தால் வெளியே வர முடியாது. முழுவதுமாக உள்ளேயே திரும்பிவிடும். இதனை முழு அக எதிரொளிப்பு என்பர். எத்தகைய முகக்கண்ணாடியும் தன்மீது படும் ஒளியில் சிறிதை விழுங்கவே செய்யும். இந்த எதிரொளிப்போ அறவே விழுங்குவதில்லை. ஜெனீவாவில் கொலாடன் என்ற பேராசிரியர் 1841 இல், தொட்டியின் துளையிலிருந்து பாயும் நீர்த்தாரைக்குள் வில்லையின் வழியாக ஒளியைச் செலுத்தி, நீர் வளையும் திசையெல்லாம் ஒளியும் வளைந்து செல்வதை மாணவர்களுக்குக் காட்டினார். இன்று இணையத்தைச் சுமந்து வரும் கண்ணாடி இழைக்கும் அதே தத்துவந்தான். தட்டை விளக்கின் தட்டு, அந்த இழையை அகலப் பரப்பியது போன்றது.

இனி விளிம்புக்கு வருவோம். இங்கேதான் இயற்கையின் ஏற்பாடு நமக்கு வியக்கத்தக்க வகையில் துணை நிற்கிறது. தட்டின் விளிம்பு நன்கு மெருகேற்றப்பட்டிருந்தால், எந்தத் திசையிலிருந்து வந்து விழும் கதிரும் உள்ளே நுழைந்ததும் வளைந்து, நேர்கோட்டிலிருந்து 42 பாகைக்குள் அடங்கிவிடுகிறது. விளிம்பும் முகமும் செங்குத்தானவை. ஆகவே அக்கதிர் முகத்தைச் சந்திக்கும் சாய்வு குறைந்தது 48 பாகை. தப்புவதற்கு 42க்குக் கீழே வேண்டும், இதுவோ 48. எனவே விளிம்பின் வழி ஒருமுறை உள்ளே புகுந்த கதிர் அனைத்தும் சிறைப்பட்டதுதான். ஒரு கதிர்கூட முகத்தின் வழியே தானாகத் தப்ப முடியாது. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.41க்குக் குறைவாக இருந்திருந்தால் இந்த உத்தரவாதம் கிடைத்திராது. தண்ணீருக்கு அது கிடையாது. அதன் எண் 1.33.

அப்படியானால் ஒளி எங்கே இழக்கப்படுகிறது? நுழையுமுன்!

முதலாவது, வாசலிலேயே திருப்பியனுப்பப்படும் ஒளி. விளிம்பில் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கு எதிரொளித்துத் திரும்பிவிடும். சாய்ந்து விழும் ஒளியில் இது கூடும். எல்லாத் திசைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 9 பங்கு. இது விளிம்பு மெருகுடன் இருந்தால்தான். ரம்பத்தால் அறுத்தபடியே விட்டால், நுழையும் கதிர்களின் திசை கலைந்து, ஓரத்திலேயே ஒரு பகுதி கசிந்துவிடும்.

இரண்டாவது, வாசலையே அடையாத ஒளி. பெரிய இழப்பு இதில்தான். எல்.இ.டி. எனப்படும் சிறு விளக்குப் பொட்டு, குழல் விளக்கைப் போல் சுற்றிலும் ஒளி வீசுவதில்லை. முன்பக்கம் மட்டும் வீசுகிறது. ஆனால் அந்த முன்பக்கத்தில் நாலாபுறமும் விரிகிறது. நேர் எதிரே மிகுதியாகவும் பக்கங்களில் குறைவாகவும். தட்டின் தடிமன் 3 மில்லிமீட்டர் என்றும், பொட்டு மிகச் சிறியது, விளிம்பின் நடுவே சரியாக நிற்கிறது என்றும் வைத்துக்கொண்டு கணக்கிட்டால், இடைவெளி அரை மில்லிமீட்டர் ஆகும்போது நூற்றுக்கு 95 பங்கு ஒளி விளிம்பை அடையும். இடைவெளி 1 மில்லிமீட்டரானால் 83 பங்கு. 2 மில்லிமீட்டரானால் 60. மீதி 40 பங்கு தட்டுக்கு மேலும் கீழும் சிதறி, சட்டத்தின் உட்சுவரில் மோதி, சிறிது திரும்பி வந்தாலும் பெரும்பகுதி வெப்பமாகிவிடும். தட்டு இன்னும் மெல்லியதாக, 1 மில்லிமீட்டர் தடிமனில் இருந்தால் நிலைமை மேலும் கடுமை: அரை மில்லிமீட்டர் இடைவெளியிலேயே 71 பங்குதான், 1 மில்லிமீட்டர் விலகினால் 45. விளக்கு மெலிய மெலிய, முடியளவு பிசகுக்கும் விலை ஏறுகிறது.

"அப்படியென்றால் இடைவெளியே இல்லாமல் ஒட்டிவிட வேண்டியதுதானே?" என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒளி ஊடுருவும் பசையால் ஒட்டினால் வாசலில் திரும்பும் 9 பங்கு இழப்பு ஏறக்குறைய மறைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் முன்னே சொன்ன அந்த உத்தரவாதமும் அதனோடு மறைந்துவிடும். காற்றிலிருந்து நுழையும்போதுதான் கதிர்கள் வளைந்து 42 பாகைக்குள் அடங்குகின்றன. இடையில் காற்று இல்லையேல் வளைவும் இல்லை. அகன்று விரியும் கதிர்கள் அப்படியே உள்ளே வந்து, விளிம்பை ஒட்டிய இடத்திலேயே முகத்தின் வழி வெளியேறிவிடும். ஓரத்தில் கண் கூசும், நடுவே இருளும். மெல்லிய காற்றுப் படலம் இங்கே குறையன்று, அது காவலாளி.

மற்றொரு தடை வெப்பம். சூடேறினால் அக்ரிலிக் விரிவது உலோகத்தைவிட மிக அதிகம். 600 மில்லிமீட்டர் நீளமுள்ள தட்டு 30 பாகை சூடேறினால் ஒன்றேகால் மில்லிமீட்டர் நீள்கிறது. அதைச் சுற்றியுள்ள அலுமினியச் சட்டம் அதே வெப்பத்தில் நீள்வது 0.4 மில்லிமீட்டர் மட்டுமே. இடம் விடாமல் இறுக்கினால், விரியும் தட்டு எல்.இ.டி. பொட்டுகளை நசுக்கும். தாராளமாக இடம் விட்டால் ஒளி வீணாகும். அரை மில்லிமீட்டருக்குள் நிற்கவும் வேண்டும், முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் விரிய இடமும் வேண்டும் என்றால் எப்படி? நல்ல தயாரிப்புகளில் பொட்டுகள் இல்லாத மூலைகளில் சிறு தடுப்புகள் வைத்துத் தட்டை நிறுத்தி, எதிர்ப்புறம் மீள்தன்மையுள்ள நுரைப்பட்டையைச் செருகியிருப்பார்கள். தட்டு நீளும்போது நுரை அமுங்கும். குளிரும்போது நுரை அதைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். நாலைந்து ரூபாய் பெறாத அந்த நுரையைத்தான் விலை குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவிடுகிறார்கள் என்பது என் அனுமானம்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். பொட்டு பெரிதாக இருந்தால் என்ன? புனல் போன்ற ஒன்றை வைத்து எல்லா ஒளியையும் மெல்லிய தட்டுக்குள் ஊற்றிவிட முடியாதா? எண்ணெயை ஊற்றலாம், ஒளியை ஊற்ற முடியாது. ஜும்ஆ முடிந்து வெளிவரும் கூட்டத்தை ஒற்றைக் கதவின் வழியே நெருக்கினால் தோள்கள் இடித்து மக்கள் பக்கவாட்டில் பிதுங்குவார்கள் அல்லவா? ஒளியும் அப்படித்தான். பரப்பைச் சுருக்கினால் அதன் கோணம் விரியும். தட்டுக்குள் நுழைந்த ஒளி ஏற்கெனவே 42 பாகை வரை விரிந்திருக்கிறது; தப்பாமல் இருக்க 48 பாகை வரைதான் இடமுண்டு. மிச்சமுள்ள அந்த ஆறு பாகையைக்கொண்டு, 2 மில்லிமீட்டர் வாயை 1.8 மில்லிமீட்டராகச் சுருக்கலாம். அவ்வளவே. அதற்கு மேல் சுருக்கினால் சரிவிலேயே ஒளி ஒழுகிவிடும். எத்தனை திறமையான பொறியாளரும் இந்த எல்லையைக் கடக்க முடியாது. கைப்பேசித் திரைகளின் பின்னே அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய தட்டுகளை வைக்க முடிந்ததற்குக் காரணம், எல்.இ.டி. பொட்டுகளையும் அதே அளவுக்கு மெலியச் செய்ததுதான். முன்னாளில் மடிக்கணினித் திரைகளில் சில மில்லிமீட்டர் பருமனுள்ள குழல் விளக்கை ஓரத்தில் வைத்து, பின்னால் வளைந்த எதிரொளிப்பானைச் சுற்றினார்கள். பின்புறம் சென்ற ஒளியில் ஒரு பகுதி அந்தக் குழலிலேயே மோதி வீணாயிற்று. பளிச்சென்ற நீல எல்.இ.டி. 1993 இல் வெளிவந்து, அதிலிருந்து வெள்ளை எல்.இ.டி. பிறந்த பிறகே தட்டை விளக்கு கூரைக்கு ஏறியது. அந்நீல ஒளிக்காக அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014 இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிறைப்பட்ட ஒளியை விடுவிப்பது எப்படி என்பதை உங்கள் அளவுகோலே காட்டிவிட்டது. செதுக்கிய கோட்டில் மோதும் கதிர் திசை மாறி, 42 பாகைக்குள் முகத்தைச் சந்தித்து வெளியேறுகிறது. விளக்குத் தட்டின் பின்முகத்தில் ஆயிரக்கணக்கான வெண்புள்ளிகள் அச்சிடப்பட்டோ குழிக்கப்பட்டோ இருக்கும். விளிம்பருகே ஒளி மிகுதி, ஆதலால் புள்ளிகள் சிறியனவாக, விலகி விலகி இருக்கும். நடுவே போகப் போகப் பெருத்து நெருங்கும். அதனால் எங்கும் ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கிறது. பின்னே ஒரு வெள்ளைத் தாள், முன்னே ஒளியைக் கலைக்கும் பால்நிறத் தாள். விளக்கைச் சுற்றி அகலமான உலோகச் சட்டம் இருப்பது அழகுக்கு மட்டுமன்று. பொட்டுகளின் ஒளி ஒன்றோடொன்று கலக்கும் வரை, விளிம்பை ஒட்டி ஒளியும் இருளும் மாறி மாறி நிற்கும். பத்து மில்லிமீட்டருக்கு ஒரு பொட்டு என்றால், ஐந்தரை மில்லிமீட்டர் ஆழம் வரை அந்த இருள் முக்கோணங்கள் நீளும். அவற்றை மறைப்பதற்கே அந்தச் சட்டம். இதுவும் 42 பாகையின் வேலைதான்.

சரி, பள்ளிவாசலுக்குத் திரும்புவோம். மின்சாரத்தை அறவே நிறுத்திவிட்டு, சுவரிலிருந்து ஒரு விளக்கைக் கழற்றி, பின்தகட்டின் திருகுகளை அகற்றினோம். முத்தவல்லி, அந்த இளைஞர், பேச்சைத் தொடங்கியவர்களில் இருவர் என நால்வர் சூழ்ந்திருந்தனர். தட்டின் இரண்டு எதிரெதிர் விளிம்புகளில் எல்.இ.டி. பட்டைகள். விளக்கை மாட்டிய விதத்தில் ஒரு பட்டை மேலேயும் ஒன்று கீழேயும் அமைந்துவிட்டது. தட்டோ ஏறக்குறைய ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாத எடை. நுரைப்பட்டை இருந்தது; ஆனால் மூன்று கோடைகளின் வெப்பத்தில் அப்பளம் போல் மொறுமொறுத்து, தொட்டதும் உதிர்ந்தது. மூலைத் தடுப்புகள் கிடையாது. ஆக, தாங்குவார் இன்றித் தட்டு மெல்ல மெல்லக் கீழே சரிந்து, கீழ்ப் பட்டையின் பொட்டுகள் மேலேயே உட்கார்ந்துவிட்டது. சில பொட்டுகள் நசுங்கி அணைந்திருந்தன. அவைதாம் அந்தக் கறுப்புத் திட்டுகள். மேலேயோ இடைவெளி திறந்துவிட்டது. மாணவன் ஒருவனின் அளவுகோலை வாங்கி வைத்துப் பார்த்தேன். முழுதாக 2 மில்லிமீட்டர்.

மேல் விளிம்பின் எல்.இ.டி. பட்டை புதிதுபோலப் பளிச்சென்றுதான் எரிந்தது. அதன் ஒளியில் ஐந்தில் இரண்டு பங்கு தட்டுக்குள் நுழையவே இல்லை. சரக்கு மட்டமாகவில்லை, ஒளி வாசல் தவறிப் போயிற்று. தட்டை விரலால் மேலே நகர்த்திப் பிடித்துக்கொண்டு, உரிய காவலுடன் சற்றே மின்சாரம் கொடுக்கச் சொன்னேன். மங்கிக் கிடந்த மேற்பாதி எல்லோர் கண்முன்னும் வெளிச்சமாயிற்று. யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்த இளைஞர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணைத் துடைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

அவர் செய்த ஒரே பிழை, விளக்கைக் கால்வட்டம் திருப்பி மாட்டாததுதான். பட்டைகள் இடமும் வலமுமாக அமைந்திருந்தால், தட்டு சரிந்தாலும் பொட்டுகள் இல்லாத பக்கத்தில்தான் போய் நின்றிருக்கும். ஆனால் கூரைக்கென்று செய்த பொருளைச் சுவரில் மாட்டும்போது இதைக் கவனிக்க வேண்டும் என்று பெட்டியின்மேல் ஒரு சொல்கூட அச்சிடப்படவில்லை. எல்லாம் தெரிந்ததாக நினைத்த எனக்கும், திறந்து பார்க்கும் வரை இது தோன்றவில்லை.

கூரை விளக்குகள் எட்டில் இரண்டின் ஓரங்கள் மஞ்சளித்திருந்தன. அது வேறு நோய். அக்ரிலிக்குக்குப் பதில் விலை மலிவான பாலிஸ்டைரீன் தட்டு வைத்தால், எல்.இ.டி.யின் நீலக் கதிரும் வெப்பமும் சேர்ந்து ஆண்டுகள் செல்லச் செல்ல அதனை மஞ்சளாக்கும். ஒளி தட்டின் உள்ளேயே நெடுந்தொலைவு பயணம் செய்வதால் சிறு மஞ்சளும் பெரிதாகத் தெரியும். அதற்கு மருந்தில்லை, தட்டை மாற்ற வேண்டியதுதான்.

சகோதரியே, உங்கள் வீட்டு விளக்கு ஒரு பக்கம் மட்டும் மங்கியிருக்கிறது என்கிறீர்கள். நிறம் மாறாமல் மங்கியிருந்தால், பெரும்பாலும் தட்டு நகர்ந்திருக்கும், அல்லது அப்பக்கத்துப் பட்டை பழுதாகியிருக்கும். மஞ்சளாக மங்கியிருந்தால் தட்டே பழுது. முழுவதும் சீராக மங்கியிருந்தால் அல்லது மினுக்கினால், மின்சாரத்தைச் சீராக்கித் தரும் 'டிரைவர்' என்னும் சிறு பெட்டியைப் பாருங்கள். நீங்களாகத் திறக்க வேண்டாம். தெரிந்தவரை அழைத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திறக்கச் செய்யுங்கள். உள்ளே தட்டின் முகத்தை வெறும் விரலால் தொட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம், அளவுகோலின் கோடு போல ஒளியை வெளியே சிந்தும்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கூரை உயரமில்லாத அறைக்கும், மறைகூரைக்கு மேல் இடமே இல்லாத கூடத்துக்கும் விளிம்பு வழி ஒளிரும் மெல்லிய விளக்கு பொருத்தமானதே. ஆனால் மேலே தாராளமாக இடம் இருக்கும்போது, பின்புறமிருந்தே நேராக ஒளி வீசும் சற்றுத் தடித்த விளக்கு போதும். அதில் விளிம்பும் இல்லை, இடைவெளியும் இல்லை, தட்டு நகரும் அச்சமும் இல்லை. அதே மின்சாரத்துக்குப் பெரும்பாலும் கூடுதல் வெளிச்சமும் கிடைக்கும். பெட்டியில் வாட் எத்தனை என்று மட்டும் பார்க்காமல், லூமென் எத்தனை என்று பாருங்கள். வாட் என்பது விளக்கு உண்பது. லூமென் என்பது அது தருவது. இருபதடி உயரக் கூரையில் மெல்லிய விளக்கு எதற்கு, அதன் மெலிவை யார் ஏறிப் பார்க்கப் போகிறார்கள் என்று எங்கள் கமிட்டியில் நான் கேட்டேன். அழகு என்றார்கள். அழகுக்கு ஆகும் மின்கட்டணத்தை வக்ஃபு ஏற்க வேண்டுமா என்று மறுபடியும் கேட்டேன். அது இன்னும் முடிவாகவில்லை.

சுவர் விளக்குகள் நான்கையும் அந்த இளைஞரே சரிசெய்தார். நுரைப்பட்டையைப் புதிதாக வைத்தார். மூலைகளில் அரை மில்லிமீட்டர் இடைவெளி நிற்குமாறு கடினமான பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, கால்வட்டம் திருப்பி மாட்டினார். நசுங்கிய பொட்டுகள் இருந்த பட்டைகளை மாற்றச் சிறிது செலவாயிற்று. கூலி வேண்டாம் என்று மறுத்துவிட்டார். ரமளான் முதல் இரவு தராவீஹ் முடிந்ததும், முத்தவல்லி ஹாஜியார் எல்லோரும் கேட்க அவரிடம் மன்னிப்புக் கேட்டார். தேநீர்க் கடையில் பேசியவர்களுள் ஒருவர் மறுநாள் அவருடைய வீட்டுக்கே சென்றார். மற்றவர் இன்னும் செல்லவில்லை.

பிள்ளைகளின் படிப்புக்கு வெள்ளை ஒளியா, மஞ்சள் ஒளியா என்ற சகோதரியின் இரண்டாம் வினாவை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் பார்ப்போம். அதற்குள் அந்த அளவுகோல் சோதனையைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பாருங்கள். டார்ச்சை எவ்வளவு தொலைவு விலக்கும்போது எண்கள் படிக்க முடியாமல் போகின்றன என்று அளந்து எனக்கு எழுதுங்கள். அளவுகோலின் தடிமனையும் மறவாமல் குறிப்பிடுங்கள்.